காற்றுக்கு வைத்த பொட்டு

தில்லியில் காரைக் கழுவுவது பெரிய காரியமே இல்லை. காய வைப்பதுதான் காரியம். இதை நான் வாய்விட்டுச் சொன்னால் எங்கள் முதலாளி சாவ்லா, "வைத்தி ஜி, நீங்கள் டோக்கன் கிழிக்கிற வேலையைப் பாருங்கள்" என்பார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அரசு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரோல் பாக் வீட்டில் என் சகதர்மிணி ருக்குவோடு நாள் முழுக்க எதிரும் புதிருமாக உட்காரத் தைரியம் இல்லாமல், நாராயணா பக்கத்தில் இந்தக் கார் கழுவும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். எனக்குக் கூண்டு மாதிரி ஓர் அறை. ஒரு ஜன்னல் ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று கார் வெளியே வரும் வாயைப் பார்க்கும். முதுகுப் பக்கம் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மோட்டார் அறை. அங்கே யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும்.

இங்கே எல்லாரும் 'டனல்' என்பார்கள். மண்ணுக்கடியில் ஒன்றும் போகாது, நீளமான கொட்டகை அவ்வளவுதான். ஒரு முனையில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியது. தரையில் ஓடுகிற சங்கிலி சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நுரை, சுற்றுகிற பிரஷ், தண்ணீர், பளபளப்புக்கு மெழுகுத் தண்ணீர் எல்லாம் முடிந்து கடைசியில் ட்ரையர். ஓர் இரும்பு வளைவு, அதில் தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் பெரிய பெரிய ப்ளோயர்கள். அது ஊதுகிற ஊதலில் தண்ணீர் அலறிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் ட்ரையருக்குத் தண்ணீர் பயப்படவில்லை.

ஈரத்தோடு வெளியே வரும் காரை ஆறு பெண்கள் துணியால் துடைப்பார்கள். ஆறு பேரும் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள், இந்தர்புரிக் குடிசைகளிலிருந்து நடந்தே வருகிறவர்கள். துடைத்தும் ஒரு சொட்டு மிச்சம் இருந்துவிட்டால் தீர்ந்தது. இந்த ஊர்த் தூசி அதில் உட்கார்ந்து, கார் ரோட்டுக்கு ஏறுவதற்குள் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிடும். கார்க்காரன் திரும்பி வந்து என் ஜன்னலில்தான் கத்துவான். கழுவினது நானில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

துடைக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் செங்கம்மாள். ட்ரையரைப் பார்த்துக்கொண்ட ரத்தினவேல் அவள் புருஷன், சொந்த அத்தை மகன். மேம்பாலம் கட்டும் வேலைக்கென்று தில்லி வந்தவன், அப்புறம் கீர்த்தி நகரில் ஏர் கூலர் செய்யும் பட்டறையில் வெகுகாலம் கிடந்துவிட்டு இங்கே வந்தான். காற்று என்றால் அவனுக்கு ஒரு பித்து. ஊதுபத்தியைக் கொளுத்தி ப்ளோயர் முன்னால் பிடித்து, புகை எப்படிப் போகிறது என்று நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

மழைக்காலம் முடிந்ததும் சாவ்லாவுக்குப் பொறுமையும் முடிந்தது. ரத்தினவேலைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார். கரண்டைத் தின்கிறது, காய வைக்கவில்லை, இந்த ட்ரையர் எதற்கு? பழைய மெஷின்களை வாங்குகிற கம்பெனி ஒன்று கேட்டிருக்கிறது. கழற்றி விற்றுவிட்டுத் துணியை வைத்தே சமாளித்துக்கொள்கிறேன் என்றார். ரத்தினவேல் கெஞ்சவில்லை. தசரா வரைக்கும் விடுங்கள், சரி பண்ணிக் காட்டுகிறேன் என்றான்.

"அச்சா. தசரா அன்றைக்கு அந்தக் கம்பெனி ஆள் பார்க்க வருகிறான். கார் காய்ந்து வந்தால் மெஷின் இருக்கும், நீயும் இருப்பாய். இல்லாவிட்டால் மெஷினும் நீயும் சேர்ந்து கிளம்புங்கள்" என்றார் சாவ்லா. அதோடு விட்டிருக்கலாம். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "காய்ந்து வந்தால் அப்புறம் துடைக்க ஆறு பேர் எதற்கு? மூன்று போதும். முதலில் உன் பெண்டாட்டியை நிறுத்தலாம், நீதான் சம்பாதிக்கிறாயே."

ரொம்ப நியாயமாகப் பேசிவிட்ட முகத்தோடு மிச்ச டீயைக் குடித்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ரத்தினவேல் ஜெயித்தால் பெண்டாட்டிக்கு வேலை போகும், தோற்றால் அவனுக்கே போகும். யாரை அனுப்புவது என்று ஒரே குடிசைக்குள் தீர்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மத்தியானம் இரண்டு பேரும் மோட்டார் அறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நான் தயிர் சாதத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

"மொதலாளி என்னா மாமா சொன்னாரு?" என்றாள் செங்கம்மாள்.

"வேலயப் பாருன்னாரு."

"அது நெதம் சொல்றதுதான. வேற என்னா? டோக்கன் சார் மூஞ்சே சரியில்ல, நான் அப்பவே பாத்தன்."

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தூக்குச் சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

"சரி. அப்ப செய்யி."

"செய்யின்னா? நான் செஞ்சா ஒனக்கு வேல போவும் புள்ள."

"செய்யலன்னா ஒனக்குப் போவும். நீ வூட்ல குந்திக்கிட்டு, ஃபேன் ஏன் இந்தப் பக்கம் சுத்துது, ஜன்னல் ஏன் அந்தப் பக்கம் இருக்குதுன்னு என் உசுர எடுப்ப. அதுக்கு எனக்குப் போனாத் தேவல."

"வெளையாடாத."

"வெளையாடல மாமா." அவள் குரல் இறங்கிவிட்டது. "கோட்டிக்குத்தான், பங்களா வூட்டு வேலைக்குத்தான் போவணும் மறுபடியும். நாளெல்லாம் பாத்தரம் தேய்ச்சாலும் அங்க ஒரு வார்த்த பேச ஆளு கெடையாது. மேடம் ஃபோன்ல இருக்கும், நான் பைப்போட பேசிக்கிட்டு இருப்பன். இங்க வந்துதான் எனக்கு வாயே தொறந்துச்சி. சிரிக்கிறம், சண்ட போடறம், பொழுது போறதே தெரியல. என்னா பண்றது? நீ செய்யி."

அவளுக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். ஆறு பேரும் ஒரு காரைச் சுற்றி நின்றால் சந்தைக்கடை கெட்டது. துணி பாட்டுக்குத் துடைக்கும், வாய் பாட்டுக்குப் பேசும்.

அன்றைக்கே ரத்தினவேல் வேலையை ஆரம்பித்துவிட்டான். சாயங்காலம் வாசல் கதவை இழுத்ததும் ஒவ்வொரு ப்ளோயராக இறக்குவான். நத்தை ஓடு மாதிரி இரும்புக் கூடு, அதற்குள்ளே பட்டை பட்டையாகத் தகடு வைத்த சக்கரம். முதல் கூட்டைத் திறந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். தகடே தெரியவில்லை. ரோட்டுத் தூசியும் மெழுகுத் தண்ணீரும் சேர்ந்து, பானை அடியில் காய்ந்த களி மாதிரி அப்பிக்கொண்டிருந்தது.

"பாத்தியா சார்? கெட்டுப் போவல இது. மூச்சடைச்சிக் கெடக்குது. மூக்குல துணிய வச்சி அடைச்சிட்டு ஊதுடா ஊதுடான்னா எங்கேர்ந்து ஊதும்?"

தேங்காய் துருவுகிறவள் மாதிரி செங்கம்மாள் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு சுரண்டினாள். வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்கத் துடைத்த கையோடு உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய தோழி பாப்பம்மாள் வீட்டுக்குக் கிளம்புகிற போதெல்லாம் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள்.

"யக்கா, ஊருல அவங்கவங்க அடுத்தவனுக்குக் குழி தோண்டறாங்க. நீ ஒனக்கே தோண்டற. அதும் சிரிச்சிக்கிட்டு."

"ஒனக்கும் சேத்துத்தான்டி தோண்டறன். வந்து ஒரு கை புடி."

"நான் மாட்டன். மூணு பேருதான் இருக்கணும்னா நான் அந்த மூணுல இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கன்."

தேய்ந்த பேரிங்குகளை மாற்றினான். காற்று உள்ளே போகிற இடத்தில் கிழிந்து கிடந்த வலையை எடுத்துவிட்டு, கூலருக்குப் போடுகிற வலையை வைத்துத் தைத்தான். லாரி டியூப் ரப்பரை வெட்டி ப்ளோயர் வாய்க்கு உதடு மாதிரி வைத்தான். வாய் குறுகினால் காற்று சீறும், நாம் விசில் அடிக்கிற மாதிரி என்று எனக்கு உதட்டைக் குவித்துக் காட்டினான். கார் கண்ணாடி முன்னால் வரும்போது எந்தக் கோணத்தில் ஊத வேண்டும், கதவுப் பக்கம் எப்படி என்று திருப்பித் திருப்பி வைத்து ஊதுபத்தி கொளுத்தினான். ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். காலையில் லேசாகக் குளிர ஆரம்பித்திருந்தது. ரோட்டோரத்து ஏழிலைப்பாலை பூத்து ஊரே மயங்குகிற மாதிரி வாசனை அடித்தது, எனக்கு அதில் தலைவலி. தசராவுக்கு எரிக்கிற மூங்கில் ராவணன்கள் தலை வேறு உடம்பு வேறாக ரிக்‌ஷா வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

தசராவுக்கு முதல் நாள் ஆயுத பூஜை. இங்கே வேலை செய்கிற பீஹார்காரர்கள் போன மாசமே விஸ்வகர்மா பூஜை போட்டுவிட்டார்கள். இந்த மெஷினுக்கு வருஷத்தில் இரண்டு பூஜை, எனக்கு இரண்டு தடவை பிரசாதம். சாயங்காலம் கடையை அடைத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று சாவ்லா அனுமதி கொடுத்திருந்தார். கரோல் பாகில் வாழைக்கன்றுக்கு யானை விலை சொன்னான், ஆகவே மாவிலையோடு நிறுத்திக்கொண்டோம். பொரிக்கு முர்முராவும் பொட்டுக்கடலையும் நான் வாங்கிக்கொண்டு போனேன். கொண்டைக்கடலைச் சுண்டல் செங்கம்மாள் வீட்டிலிருந்து வந்தது. நீர்ப்பூசணி கேட்டதற்குக் கடைக்காரன், பேட்டா மிட்டாய் செய்யவா என்று விசாரித்தானாம்.

பூஜை என்றால் செங்கம்மாள் ராஜ்ஜியம். சந்தனத்தை நல்ல கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்து சங்கிலி மோட்டாருக்கு வைத்தாள், பிரஷ் சட்டத்துக்கு வைத்தாள், ஸ்விட்ச் பேனல் கதவுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, துணி வாளிகளுக்கு, என் டோக்கன் பெட்டிக்கு எல்லாம் சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தாள். நான் நகராமல் நின்றிருந்தால் எனக்கும் வைத்திருப்பாள். ட்ரையருக்கு மட்டும் தனிக் கவனிப்பு. ஒவ்வொரு ப்ளோயருக்கும் விரல் பதிய வைத்து, சட்டத்தின் காலிலிருந்து தலைவரை ஓர் இடம் விடவில்லை. ரத்தினவேல் கற்பூரம் காட்டினான். பூசணியை வாசலில் உடைத்தான். மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று நான்தான் சொன்னேன்.

"பூஜ போட்டாச்சி சார். இனி காலையில வரைக்கும் தொடக்கூடாது. வருசம் பூரா ஓடுது, ஒரு ராத்திரியாவது அது தூங்கட்டும்" என்றான் ரத்தினவேல்.

மறுநாள் காலையில் மெயின் ஸ்விட்சைப் போட்டதும் ட்ரையர் தானாகவே ஊத ஆரம்பித்தது. டனலுக்குள் ஒரு கார்கூட வந்திருக்கவில்லை.

ரத்தினவேல் பேனலைப் பார்த்தான், ட்ரையரைப் பார்த்தான். அணைத்துவிட்டுப் போட்டான். மறுபடியும் ஊதியது. கார் வந்தால் ஊத வேண்டும், போனால் நிற்க வேண்டும், அதுதான் அதற்கு விதித்தது. அடுத்தடுத்த காருக்கு நடுவே மூச்சு விடாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். இதற்குள் ரோட்டில் தசராக் கூட்டம் வரிசை கட்டிவிட்டது. புதுக் குர்தாவில் வந்து இறங்கிய சாவ்லா, காரை நிறுத்தாதே, அனுப்பு, அனுப்பு என்று கையை ஆட்டினார். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ட்ரையர் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது. ப்ளோயர்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது பேச வேண்டுமானால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும்.

அந்தக் கம்பெனி இன்ஜினியரும் வந்து சேர்ந்தான். ப்ரசன்னா என்று பெயர். அப்பா சேலத்துக்காரர், மத்திய அரசு உத்தியோகம். மோதி பாகிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "அங்கிள், தமிழ் பேசுவேன், படிக்கத்தான் ஆத்தா நஹி, வராது" என்று, மெஷினை விலை கேட்க வந்த போன தடவையே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

நான் கூண்டைப் பூட்டிவிட்டு ஓடினேன். ரத்தினவேல் பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் கை வைத்த இடத்தில்தான் தப்பு இருக்கும் என்று நினைக்கிற ஜாதி அவன். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. லேசாகக் கருகல் வாசனை வர ஆரம்பித்தது. சாவ்லா சங்கிலியை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் ப்ரசன்னாவிடம் எதையோ கத்துவதும், விரலை மடக்கி விலை பேசுவதும் தெரிந்தது.

ப்ரசன்னா அவரை விட்டு நகர்ந்து ட்ரையர் சட்டத்தின் காலருகே போய்க் குனிந்தான். என்னைக் கூப்பிட்டுக் காதில் கத்தினான். "அங்கிள், சென்சாருக்கு யாரு டீக்கா போட்டது?"

ட்ரையருக்கு இரண்டு கண்கள் உண்டு. இந்தக் காலில் ஒன்று, எதிர்க் காலில் ஒன்று. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் கார் வந்து பார்வையை மறைத்தால் ப்ளோயர் ஓடும். மறைப்பு விலகினால் நிற்கும். இந்தப் பக்கத்துக் கண்ணில், கண்ணாடி வட்டத்துக்குச் சரியாக, கெட்டிச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். கண்ணில் பொட்டு வைத்தால் யாருக்குத்தான் கண் தெரியும்? முதல் நாள் ராத்திரியிலிருந்து தன் எதிரே ஒரு கார் நின்றுகொண்டிருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது.

ரத்தினவேல் வந்து பார்த்தான். பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? செங்கம்மாளின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அக்கா, கெட்டிக்காரி, எங்கள் வேலையைக் காப்பாற்றிவிட்டாய் என்று முகம் எல்லாம் பல். அதை ரத்தினவேல் பார்த்துவிட்டான்.

அவன் முகம் கறுத்தது. நேரே பெண்டாட்டி முன்னால் போய் நின்றான். ப்ளோயர் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். அதே சமயம் ப்ரசன்னா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டான். சட்டென்று ட்ரையர் நின்றது.

"வேணும்னே வச்சியாடி?"

அந்த நிசப்தத்தில் அது ரோட்டுவரை கேட்டிருக்கும். வரிசையில் இருந்த டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாவ்லா என்னிடம், "க்யா போல் ரஹா ஹை?" என்று கேட்டார். டீ வந்துவிட்டதா என்று கேட்கிறான் என்றேன். ப்ரசன்னா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நெத்தின்னு நெனைச்சன்" என்றாள் செங்கம்மாள். "ரெண்டு பக்கமும் ஆணி, கண்ணாட்டம். மேல வட்டமா பளபளன்னு இருந்துது. நெத்தின்னு நெனைச்சித்தான் வச்சன்."

அவள் தன் இடத்துக்குப் போய் வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி. அதையே பிழிந்துகொண்டு நின்றாள்.

சங்கிலி ஓடியது. கார் வந்தது, ட்ரையர் ஊதியது, கார் கண்ணைத் தாண்டியதும் ஒழுங்காக நின்றது. சாவ்லாவும் ப்ரசன்னாவும் காரைச் சுற்றி வந்தார்கள். கூரையைத் தடவினார்கள், காய்ந்திருந்தது. கண்ணாடி, கதவு எல்லாம் அப்படியே. ப்ரசன்னா புருவத்தை உயர்த்தினான். எனக்குப் பாதி உயிர் வந்தது. பின்பக்கம் போனார்கள். டிக்கி இடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்து நம்பர் பிளேட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த காருக்கும் அப்படி. அதற்கடுத்த காருக்கும் அப்படித்தான்.

"முன்னால் தீபாவளி, பின்னால் மழைக்காலம்" என்றார் சாவ்லா. ப்ரசன்னாவைப் பார்த்து, எப்போது வண்டி அனுப்புகிறாய் என்று கேட்டார்.

ரத்தினவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாப்பம்மாள் மெதுவாக மூச்சு விட்டாள். செங்கம்மாள் சும்மா இருந்தால் போதும். அவள் வேலை இருக்கும், தோழிகள் வேலை இருக்கும், அவள் வாயும் திறந்தே இருக்கும். எல்லார் முன்னாலும் அவளைக் கேட்கக் கூடாததைக் கேட்டவன் வீட்டுக்குப் போவான். நானாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

"சார்" என்று என்னைக் கூப்பிட்டாள். "அவருகிட்ட ஒண்ணு சொல்லுங்க."

அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தான்.

"என்ன சொல்லணும்?"

"காலையில அது அணையாம ஊதிக்கிட்டு இருந்துதே, அப்ப வந்த வண்டிக்கெல்லாம் டிக்கி காஞ்சிதான் வந்துது. என் துணியில ஈரமே ஏறல. இப்ப வண்டிப் பின்பக்கம் காத்துக்கு வர்றதுக்குள்ள ஊதறத நிறுத்திப்புடுது. அதான் ஒழுவுது. சொல்லுங்க."

"ரத்தினவேலு, காலம்பற அது நிக்காதபோது டிக்கி காஞ்சு வந்துதாம். இப்ப அவசரப்பட்டு நின்னுடறதாம்" என்றேன் நான், அவள் சொன்னது அவன் காதில் விழவே இல்லை என்கிற மாதிரி.

"யக்கா, ஒனக்குப் பைத்தியமா?" என்றாள் பாப்பம்மாள்.

ரத்தினவேல் பெண்டாட்டியை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் பேனலுக்கு ஓடினான். கண்ணை மறைத்த கார் விலகின பிறகு இன்னும் எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கரண்டை மிச்சம் பிடிக்க எப்போதோ யாரோ அதை அடியோடு குறைத்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பினான். ப்ரசன்னாவும் கூடப் போய், "தோடா அவுர், இன்னும் கொஞ்சம்" என்றான்.

அடுத்து வந்தது ஒரு கறுப்புக் கார். பின்பக்கம் கண்ணைத் தாண்டிய பிறகும் காற்று விடாமல் துரத்திக்கொண்டு வந்தது. டிக்கி இடுக்கில் இருந்த தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதறிப் பறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சாவ்லா தன் புதுக் குர்தாவின் கையாலேயே டிக்கியை ஒரு தடவு தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். ப்ரசன்னா என் பக்கம் சாய்ந்து, "நல்ல மெஷின், அங்கிள். இவர் இனிமே விக்க மாட்டார்" என்றான். அவனுக்கும் அதில் சந்தோஷம்தான் போலிருந்தது.

"அச்சா" என்றார் சாவ்லா. "மெஷின் இருக்கட்டும்." அப்புறம் அவர் கண் பெண்கள் பக்கம் திரும்பியது.

ரத்தினவேல் முந்திக்கொண்டான். அவன் இந்தி கட்டடவேலை இந்தி, ஆனால் அன்றைக்கு நன்றாக வந்தது. இத்தனை நாள் காய வைக்கத்தான் சங்கிலியை மெதுவாக விட்டிருந்தோம். இனிமேல் வேகமாக விடலாம், கார் அதிகம் வரும், அப்புறம் காருக்குள்ளே சீட்டில் தூசி உறிஞ்சுகிற இடத்தில் வரிசை தேங்கி நிற்கும், அங்கே கை வேண்டும் என்றான். சாவ்லா ரோட்டைப் பார்த்தார். வரிசை மெட்ரோத் தூண் வரைக்கும் போயிருந்தது. வியாபாரி இல்லையா, கண்ணாலேயே எண்ணிவிட்டார்.

"மூன்று பேர் அங்கே போகட்டும். செங்கம்மா இங்கேயே நிற்கட்டும். எங்கே ஈரம் என்று இவளுக்குத்தான் தெரிகிறது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் நேராகப் பேசிக்கொள்ளுங்கள். நடுவில் வைத்தி ஜி எதற்கு? டோக்கன் யார் கிழிப்பது?"

பாப்பம்மாள் சீட்டுப் பக்கம் போனாள். போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய காருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "யக்கா, சீட்டு மெத்த கணக்கா இருக்குது, ஏசி வேற ஓடுது. இதுக்கா நான் அழுதன்?" என்றாள்.

கூட்டம் ஓய்ந்து சாப்பிட உட்காரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் தூக்குச் சட்டி திறக்கிற சத்தம். கத்தரிக்காய்க் காரக்குழம்பு வாசனை என் தயிர் சாதத்தைக் கேலி செய்தது. பேச்சு மட்டும் இல்லை.

"சார், அவருக்குக் கொழம்பு வேணுமான்னு கேளுங்க."

"ரத்தினவேலு, குழம்பு வேணுமான்னு கேக்கறா."

"கொஞ்சம் போதும்னு சொல்லுங்க சார்."

"சொல்ல மாட்டேன். முதலாளி என்ன சொன்னார்? நீங்களே பேசிக்கோங்கோ" என்றேன். கரண்டி தட்டில் மோதியது. அப்புறம் அவன் குரல் வந்தது.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது புள்ள."

"எல்லாரும் பாக்கக் கேட்ட."

"மிசினு நின்னுரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நிக்கலன்னா கேட்டது தப்பில்லாமப் போயிடுமா?"

"தப்புதான்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒனக்கு இந்த வேல எவ்ளோ புடிக்கும்னு எனக்குத் தெரியும். பாப்பம்மா ஒன் கன்னத்த வழிச்சிதா, எனக்குப் புத்தி அப்படிப் போயிடுச்சி. ஒரு நிமிசம்தான்."

"அந்த ஒரு நிமிசம் எனக்கு எப்படி வலிச்சிது தெரியுமா மாமா? வேல போனாக்கூட அப்படி வலிச்சிருக்காது."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

"நேத்து அவ்ளோ நேரம் கும்புட்டியே, சாமிகிட்ட என்னாதான் கேட்ட?" என்றான்.

"எதுக்கு இப்ப?"

"சொல்லேன்."

"எனக்கு வேல போனாப் போவட்டும், எம் மாமன் மிசினு நிக்காம ஓடணும்னு கேட்டன்."

அந்தப் பக்கம் தட்டைக் கீழே வைக்கிற சத்தம்.

"நிக்காமயா கேட்ட?"

"ஆமா. வேற எப்படிக் கேக்கறதாம்?"

முதலில் சிரித்தது செங்கம்மாள்தான்.